ஓராண்டு உரிமத்தில் மண் பிழைக்குமா?

2023 அக்டோபரில் ஈப்போவுக்கு வடக்கே கந்தானில் காய்கறிப் பாத்திகளுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. பல பத்தாண்டுகளாகப் பயிர் செய்துவந்த நிலம் அது. சில குடும்பங்களுக்கு அது மூன்று தலைமுறைப் பிழைப்பு. சில்வர் வேலி தொழில்நுட்பப் பூங்கா என்ற தொழிற்பேட்டைக்கு அந்த இடம் வேண்டும் என்றது பேராக் மாநில அரசு. விவசாயிகளோடு சேர்ந்து குறுக்கே நின்ற மலேசிய சோசலிசக் கட்சியின் துணைத் தலைவர் எஸ். அருட்செல்வன் உள்ளிட்ட சிலர் கைதானார்கள். ஊரெங்கும் ஒரே பேச்சு: நிலம் யாருடையது? அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் இருந்தவர்களா, அல்லது ஆண்டாண்டாகப் பயிரிட்டு உரிமை பெற்றவர்களா?

அந்தப் பேச்சில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் இன்று கீரையும் பயற்றங்காயும் விளையும் பல நிலங்கள், விவசாயி கைக்கு வந்தபோது எப்படி இருந்தன? பயிர் விளைகிற மண்ணாக அவற்றை ஆக்கியது யார்?

ஈயம் போன பின்

பேராக்கின் செல்வம் ஒரு காலத்தில் மண்ணுக்குள் இருந்தது. 1880களில் கிந்தாவில் ஈயம் தேடி ஆட்கள் குவிந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது உலகத்தின் ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து கப்பலேறியது. அதில் கிந்தாவின் பங்குதான் பெரியது. ஈப்போவின் பழைய நகரத்து மாளிகைகள், ரயில் நிலையம், கடைவீதிகள் எல்லாமே ஈயத்தில் எழுந்தவை.

அந்த ஈயத்தை எடுத்த விதத்தைப் பார்த்தால்தான் மண்ணுக்கு நேர்ந்தது விளங்கும். மண்வெட்டியும் கூடையுமாகத் தோண்டிய காலம் சீக்கிரமே முடிந்தது. பிறகு நீரைப் பீய்ச்சி அடிக்கும் முறை வந்தது. குழியின் சுவரில் தண்ணீரை வேகமாக அடித்தால் மண் கரைந்து குழம்பாகக் கீழே ஓடும். அந்தக் குழம்பைப் பம்ப் வைத்து மேலே ஏற்றி, 'பாலோங்' எனப்படும் நீளமான மரச்சாய்வில் ஓடவிடுவார்கள். கனமான ஈயத்தாது குறுக்குச் சட்டங்களில் தங்கிவிடும். மீதியெல்லாம் கழிவு. அதில் மணல் சாய்வின் வாய்க்குப் பக்கத்திலேயே குவியும். களி தண்ணீரோடு தூரம் போய்ப் பள்ளத்தில் சேறாகப் படியும். தோண்டிய குழியில் மழைநீர் நிறைந்து குட்டையாகும்.

மணலும் களியும் மக்கும் கலந்து எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளில் உருவான மண் இப்படிக் கூறுகூறாகப் பிரிந்து வெவ்வேறு இடத்தில் கிடந்தது. ஒரு பக்கம் வெயிலில் கொதிக்கும் வெள்ளை மணல்மேடு, இன்னொரு பக்கம் காலை வைத்தால் உள்ளே இழுக்கும் சேற்றுப் படுகை, நடுவில் பச்சைக் குட்டை. மக்கு நிறைந்த மேல்மண் ஆற்றோடு போய்விட்டது.

குட்டையில் மிதந்தபடியே மண்ணை அள்ளி விழுங்கும் ராட்சதக் கப்பல்களும் வந்தன. பத்து காஜாவுக்கும் தஞ்சோங் துவாலாங்குக்கும் இடையே இன்று சுற்றுலாத் தலமாக நிற்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. அதன் எடை சுமார் 4,500 டன். 1982 வரை அது ஓடியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த சர்வதேச ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரித்தது. விலை தலைகுப்புற விழுந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தீபகற்ப மலேசியாவில் ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலம் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் ஹெக்டேர் என்று கணக்கிட்டார்கள். அதில் பெரும்பங்கு பேராக்கில்.

அந்த மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் அடுத்த மழைக்குத் தங்காது. நடுப்பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாத சூடு. நாற்றின் வேர் வெந்துபோகும்.

சேறு சுமந்தவர்கள்

இந்த மணலில் முதலில் பயிர் வைத்தவர்கள், சுரங்க வேலை போன சீனக் கூலிகள். 1930களின் பொருளாதார மந்தத்தில் சுரங்கங்கள் மூடியபோது, பட்டினியிலிருந்து தப்பக் கைக்கெட்டிய நிலத்தில் மரவள்ளி நட்டார்கள். ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் இன்னும் பல குடும்பங்கள் அதே வழியில் வந்தன. கிந்தாவின் சுரங்கக் கூலிகளும் புறம்போக்குக் குடியேறிகளும் புதுக்கிராமத்தாரும் எப்படி உருவானார்கள் என்பதை பிரான்சிஸ் லோ கொக் வா 1988-இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டம் காட்டோர விவசாயிகளைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்து, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தது. வேலி திறந்த பிறகு அவர்கள் மறுபடி மண்வெட்டியை எடுத்தார்கள். பாழ்நிலம் பக்கத்தில்தான் கிடந்தது.

மணல்மேட்டில் ஒரு பாத்தி உருவாகும் விதம் இது. முதல் வேலை சேறு சுமப்பது. குட்டையோரக் களியை வெட்டிக் காயவைத்து, கட்டி உடைத்து, மணலில் கலக்க வேண்டும். சுரங்கம் பிரித்துப் போட்டதை மனிதக் கை திரும்பச் சேர்க்கும் வேலை இது. ஒரு தடவையில் தீராது. மழை வந்தால் களி கீழே இறங்கிவிடும், திரும்பவும் சுமக்க வேண்டும். அடுத்தது சத்து. கோழிச்சாணம், பன்றிச்சாணம், கடலைப் புண்ணாக்கு, இறால் தூள், அடுப்புச் சாம்பல் என்று கிடைத்ததெல்லாம் போகும். புல்லையும் மண்கட்டியையும் மாற்றி மாற்றி அடுக்கி, தீ எரியாமல் நாள்கணக்கில் புகையவிட்டுச் சுட்ட மண்ணும் எடுப்பார்கள். அது காற்றோட்டமும் தரும், சாம்பல் சத்தும் தரும். முதல் ஆண்டுகளில் சர்க்கரைவள்ளியும் நிலக்கடலையும் போடுவது வழக்கம். சர்க்கரைவள்ளிக் கொடி மணலை மூடிச் சூட்டைத் தணிக்கும். நிலக்கடலை வேரில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மண்ணில் சேர்க்கும். குட்டையில் மீன் விட்டால் அதன் அடிச்சேறு அடுத்த உரம், மேல்தண்ணீர் பாசனம். கீரைத்தண்டும் அழுகிய இலையும் பாத்திக்கே திரும்பும்.

ஒரு நாள் மண்வெட்டியில் மண்புழு ஏறும். வெள்ளையாக இருந்த பாத்தி அதற்குள் கறுக்கத் தொடங்கியிருக்கும். வெண்டை, கத்தரி, பாகல், மிளகாய் எல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா ஈயநிலமும் உடனே காய்கறிக்கு ஏற்றது இல்லை. ஈயத்தாதுவோடு சேர்ந்து வெளிவரும் 'அமாங்' எனப்படும் கனமான மணலில் கதிரியக்கம் உள்ள மோனசைட் இருக்கும். சில இடங்களில் ஆர்செனிக்கும் காரீயமும் இருக்கும். ஈயக்கழிவு மண்ணில் வளர்ந்த பழமரங்களில் இவை எவ்வளவு ஏறுகின்றன என்று மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமான ஃப்ரிம் சோதித்திருக்கிறது. புக்கிட் மேராவில் 1982 முதல் 1994 வரை இயங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை தன் கதிரியக்கக் கழிவால் ஈப்போ மக்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை மறக்க முடியாது. அந்த ஆலையின் மூலப்பொருளும் இந்த மோனசைட்தான். ஆகவே எந்த நிலத்தில் இறங்கினாலும் முதலில் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். அந்தச் செலவை விவசாயி தலையில் கட்டக்கூடாது. அந்த மண்ணைத் தோண்டியவரிடமிருந்து வரியும் உரிமக் கட்டணமும் வாங்கியது அரசு. சோதனைச் செலவும் அதனுடையதுதான்.

சுத்தமான தோட்டம்

ஈயம் சீனர்களை அழைத்தது, ரப்பர் நம் தமிழர்களை அழைத்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டன. நட்டவர் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ. அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. முப்பது நாற்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட்டிலிருந்து சிலிம் ரிவர் வரை மலைச்சரிவுகளில் காடு அழிந்து ரப்பர் வரிசையானது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று ஊர் ஊராகக் கங்காணி ஆள் பிடித்தான். 1938-இல் இந்திய அரசு தடுக்கும் வரை கப்பல்கள் வந்துகொண்டிருந்தன.

ரப்பர் மரம்தானே, ஈயத்தைப் போல மண்ணைக் கெடுக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆரம்பக் காலத் துரைமாரின் விருப்பம் 'சுத்தமான' தோட்டம். வரிசைக்கு நடுவே ஒரு புல் முளைக்கக்கூடாது. களையெடுக்கும் கூட்டம் தினமும் குனிந்து எல்லாவற்றையும் பிடுங்கும். அதில் பெண்களே அதிகம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் சரிவில், போர்வை இல்லாத மண் என்ன ஆகும்? மேல்மண் வழிந்து ஆறுகள் மேடாயின. அதைக் கண்ட பிறகுதான் மண்ணை மூடும் பயறுக்கொடிகளைப் பரப்பவும், சரிவில் படிவெட்டவும், வண்டல் பிடிக்கக் குழி தோண்டவும் தொடங்கினார்கள். அப்படிப் பரப்பிய கொடிகளில் முக்குணா பிராக்டியாட்டாவின் கதை நமக்கு நெருக்கமானது. திரிபுராக் காட்டுக்கொடி அது. கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்து, 1991-இல் கோல்டன் ஹோப் நிறுவனத்தின் வழியாக மலேசியாவுக்கு வந்தது. இன்று செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே அடர்ந்து படர்ந்து கிடப்பது பெரும்பாலும் அதுதான்.

கொடி மண்ணை மூடினாலும் களைமருந்து அடிப்பது நிற்கவில்லை. களை பிடுங்கும் கூட்டத்தைக் குறைத்து, முதுகில் தொட்டியைக் கட்டி மருந்தடிக்கப் பெண்களை அனுப்பினார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி எத்தனை தாய்மாரின் நகங்களை உரித்தது, எத்தனை பேருக்கு மூக்கில் ரத்தம் வரவைத்தது என்பதைத் தெனாகானித்தா அமைப்பும் பினாங்கில் இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான பான் ஆசிய பசிபிக்கும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்திருக்கின்றன. அதே ஆண்டு அரசு அதைத் தடை செய்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இந்த இழுபறியில் போன ஆண்டுகளில் மருந்துத் தொட்டியைச் சுமந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். மண்ணின் நலமும் மனித நலமும் வேறுவேறு இலாகா என்று நினைக்கிறவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை படிக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் மண் உயிரோடு இருந்தது. லயத்துக்குப் பின்னால், கொல்லையில். முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி, பந்தலில் அவரையும் பாகலும், ஓரத்தில் வாழை. அடுப்புச் சாம்பல், மாட்டுச்சாணம், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அந்த மண்ணுக்குள்ளேயே போயின. பால்வெட்டு முடிந்து மதியம் வந்த கை, மாலையில் அந்த நாலு பாத்தியைக் கொத்தும். பாட்டியிடமிருந்து பேத்திக்கு விதை கை மாறியது. 1974-இல் அரசு பச்சைப் புத்தகத் திட்டம் என்று அறிவித்து எல்லோரையும் காய்கறி போடச் சொன்னபோது, தோட்டத்து மக்களுக்கு அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்தக் கொல்லையில் ஒரு சாணும் அவர்களுடையது இல்லை. 1980களிலிருந்து ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புப் பகுதியானது. மூன்று தலைமுறை லயத்தில் இருந்த குடும்பங்கள் நகரத்தோர மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போயின. நான்காவது மாடியில் மாடு கட்ட முடியாது. பந்தல் போட இடம் இல்லை. சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயகுமார் தேவராஜும் 'அலைகள்' அமைப்பும் தோட்டத்து மக்களோடு நின்று, வீட்டுக்காகவும் கொஞ்சம் நிலத்துக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடியதற்குப் பின்னால் இந்த இழப்பு இருக்கிறது. வீடு போனதை எல்லோரும் கண்டார்கள். வீட்டோடு போன மண்ணறிவு இழப்பீட்டுக் கணக்கில் ஏறவே இல்லை.

மாதம் பத்து வெள்ளி

நிலம் நம் கையில் இருந்திருந்தால் என்று ஏங்கி நின்றுவிடாமல், கையில் கொண்டுவந்து காட்டியவர் ஒருவர் பேராக்கில் பிறந்தார். துன் வீ. தி. சம்பந்தன், 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்று ஊரெல்லாம் பேசிய அந்தப் பேரிடரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் கூரையும் இழந்தன. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார். பால்வெட்டுக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது.

உலகத்தில் எங்கே வைத்துப் பார்த்தாலும் பெருமைப்பட வேண்டிய சாதனை இது. கூலிக்கு வந்தவர்கள் தாங்கள் வேலை செய்தது போன்ற தோட்டங்களுக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்த மரியாதையோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சங்கம் நிலத்தை வாங்கியது, தோட்டத்தின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டது. மானேஜர், கிராணி, ஒற்றைப் பயிர், கூலி. பங்குதாரர் ஆன பின்னும் தொழிலாளி இன்ன பாத்தியில் இன்ன பயிர் என்று முடிவெடுக்கும் விவசாயி ஆகவில்லை. அதே காலத்தில் 1956-இல் தொடங்கிய ஃபெல்டா திட்டம், பெரும்பாலும் மலாய்க் குடும்பங்களுக்கு, தலைக்குச் சுமார் பத்து ஏக்கர் என்று பயிர்நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. தோட்டத் தொழிலாளருக்கு அப்படி ஒரு வாசல் பெரிய அளவில் திறக்கவே இல்லை.

நூறாண்டு கொடுத்தால்

2025 ஜூலையில் யுனெஸ்கோ, சிலாங்கூர் கெப்போங்கில் உள்ள ஃப்ரிம் வனப்பூங்காவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் வானளாவிய மெராந்தி மரங்களையும், உச்சியில் கிளையோடு கிளை தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும் கபூர் மரங்களையும் பார்த்து வியக்கிறார்கள். அது இயற்கைக் காடு இல்லை. ஈயம் தோண்டியும் காய்கறி போட்டும் தேய்ந்துபோன நிலத்தில் 1920களில் மனிதர்கள் நடத் தொடங்கிய காடு. நூறு ஆண்டுகளில் அது இன்று இருக்கும் காடாகியிருக்கிறது. பேராக்கிலேயே பீடோரில் ஃப்ரிம் ஓர் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. 120 ஹெக்டேர் அளவுக்கு ஈயக்கழிவு மணல். அங்கும் பொறுமையாக மரம் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

பாழ்நிலத்தை மீட்க முடியுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் கிடைத்துவிட்டது. முடியும். நிலமும் காலமும் உறுதியாகக் கையில் இருந்தால் முடியும்.

அந்த உறுதி விவசாயிக்கு இருக்கிறதா? 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அரசு நிலத்தில் பயிரிட ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது தற்காலிக உரிமம், விவசாயிகள் சொல்லும் 'டி.ஓ.எல்.'. அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-ஐத் தாண்டி அது செல்லாது. அடுத்த ஆண்டுக்குத் திரும்ப நில அலுவலகத்தில் நிற்க வேண்டும். அங்கே கிடைக்காமலும் போகலாம். பலர் பல ஆண்டாகக் கேட்டும் அதுகூடக் கிடைக்காமலேயே பயிரிடுகிறார்கள். எத்தனை ஆண்டு உழுதாலும் அரசு நிலத்தில் உரிமை பிறக்காது என்று அதே சட்டத்தின் 48-ஆவது பிரிவு சொல்கிறது. நிலம் மாநில அதிகாரம் என்பதால் கூட்டரசு விவசாய அமைச்சு நினைத்தாலும் நேரடியாகக் கொடுக்க முடியாது.

டிசம்பரில் போகக்கூடிய நிலத்தில் ஒருவர் என்ன நடுவார்? முப்பது நாளில் வெட்டும் கீரையை நடுவார். சீக்கிரம் விளையச் செயற்கை உரம் போடுவார். பத்து ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தையும், காற்றைத் தடுக்கும் வேலிமரத்தையும், ஓராண்டு மண்ணை ஓய்வில் விட்டுப் பயறுக்கொடி வளர்ப்பதையும் அவர் எந்த நம்பிக்கையில் செய்வார்? நிரந்தரமாக எதுவும் கட்டக்கூடாது என்பதால் உரக்குழிக்குக்கூடக் கூரை போடத் தயங்குவார். வங்கி கடன் தராது. விவசாயிகள் ரசாயனத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள் என்று குறை சொல்கிற அதிகாரிகள், அவர்களுக்குத் தாங்கள் கொடுத்த காலத்தை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கட்டும். இத்தனைக்கும் நடுவே குப்பையும் சாணமும் சுமந்து மண்ணைக் கறுக்க வைத்தவர்கள் செய்தது பெரும் தியாகம் என்றே நான் எண்ணுகிறேன்.

மாநில அரசின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஈப்போவின் இளைஞர்கள் வேலை தேடிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போவது உண்மை. தொழிற்சாலை வேண்டும் என்ற ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குக் கட்டடம் தாங்கும் நிலம் போதும், விளையும் மண் தேவையில்லை. முப்பது ஆண்டில் ஆக்கிய மண்ணை லாரியில் ஏற்றி வேறு இடத்தில் கொட்டி, அப்படியே தொடருங்கள் என்று சொல்ல முடியாது. மாற்றுநிலம் கொடுத்தாலும் அங்கே மறுபடி முதல் கூடைச் சேற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 6,000 கோடி வெள்ளிக்கும் மேல் உணவு இறக்குமதி செய்யும் நாடு இது. நகரத்துக்குப் பக்கத்திலேயே, அன்றாடம் காலையில் பாசாருக்குக் கீரை வருகிற மண்ணை அழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

கூட்டாகச் செய்தால்

தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூர் மலையடிவாரத்தில் வறண்ட நிலத்தை எடுத்து 'வானகம்' பண்ணையை உருவாக்கினார். 2004 ஆழிப்பேரலையில் உப்பேறிய நாகப்பட்டினத்து வயல்களில் விவசாயிகளோடு இறங்கி, தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழுது, மண்ணை விளைநிலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் 1968 முதல் ஆரோவில்லில் நடந்ததும் இதேதான். செம்மண் அரித்து ஓடையாகிக் கிடந்த மேட்டில் முதலில் வரப்புக் கட்டி மழையை நிறுத்தினார்கள், பிறகு மரம் வைத்தார்கள். எங்கேயும் தனி ஆளால் நடக்கவில்லை.

கேரளத்தின் குடும்பஸ்ரீ இன்னும் நெருக்கமான பாடம். 1998-இல் தொடங்கிய அந்த இயக்கத்தில் நான்கு முதல் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு. தரிசு நிலத்தைக் குழுவின் பெயரில் குத்தகைக்கு எடுப்பார்கள், கூட்டுப் பொறுப்பில் வங்கிக் கடன் வாங்குவார்கள். நெல்லும் காய்கறியும் வாழையும் போடுவார்கள். சொந்த நிலம் ஒரு சென்ட்கூட இல்லாத பெண்கள் லட்சக்கணக்கில் இப்படி விவசாயி ஆனார்கள்.

பேராக்கில் இதற்கான கையிருப்பு கிடக்கிறது. செம்பனை ஆலைகளில் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் வெற்றுக் குலைகள் மணலுக்கு அருமையான மூடாக்கு. மெல்ல மக்கும், ஈரத்தைப் பிடிக்கும், சாம்பல்சத்து நிறைந்தது. தோட்ட ஓரங்களில் இன்னும் சிலர் வளர்க்கும் மாடுகள் தோட்ட நிர்வாகங்களுக்குத் தொல்லையாகத் தெரிகின்றன. செம்பனைக்கு அடியில் முறையாக மேயவிட்டால் களைமருந்துச் செலவு குறையும் என்று நம் நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அந்த மாட்டின் பத்துக் கிலோ சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயற்றமாவு, காலடி படாத இடத்து மண் ஒரு கைப்பிடி. இவற்றை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நிழலில் இரண்டு நாள் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டால் ஓர் ஏக்கருக்கான ஜீவாமிர்தம் தயார். கெட்டுப்போன மணலுக்கு நுண்ணுயிரைத் திரும்பக் கொடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கை விவசாயப் பயிற்சிகளைப் பல காலமாக நடத்திவருகிறது, பள்ளிகளில் தோட்டம் போட வைத்திருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது.

நிலத்துக்கு வழியும் இருக்கிறது. நிரந்தர உணவு உற்பத்திப் பூங்கா என்ற திட்டம் விவசாய இலாகாவிடம் பல ஆண்டாக இருக்கிறது. மாநில அரசு நிலத்தை ஒதுக்கும், இலாகா சாலையும் பாசனமும் போடும், விவசாயிகள் வாடகைக்குப் பயிரிடுவார்கள். கிந்தாவில் ஏற்கனவே விளைந்துகொண்டிருக்கும் முன்னாள் ஈயநிலங்களை அப்படி அறிவித்து, அங்கே இருப்பவர்களுக்கே முதல் உரிமை கொடுத்து, குறைந்தது பதினைந்து இருபது ஆண்டுக் குத்தகை எழுதினால் போதும். புதிய சட்டம் வேண்டாம். மந்திரி பெசாரும் ஆட்சிக்குழுவும் முடிவெடுத்தால் நடக்கும்.

தோட்டத்து மக்களுக்கு இன்னொரு வாசல் தெரிகிறது. செம்பனையை இருபத்தைந்து ஆண்டுக்கொரு முறை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். கன்று வளர்ந்து நிழல் விழும் வரை முதல் மூன்று ஆண்டு வரிசைகளுக்கு நடுவே வெயில் இருக்கிறது. அங்கே நிலக்கடலை, அன்னாசி, வாழை, சோளம் எதுவும் வரும். சிறுதோட்டக்காரர்கள் இதை ஏற்கனவே செய்கிறார்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தன் தோட்டங்களில் மறுநடவு நிலத்தை, அங்கே வாழும் அல்லது அங்கிருந்து போன குடும்பங்களின் பெண்கள் குழுக்களுக்கு மூன்று ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். பங்குதாரர்கள் இதை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரலாம், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. ஒரு தோட்டத்தில், ஒரு குழு, இரண்டு ஏக்கர் என்று தொடங்கலாம். தீர்மானத்தில் மூன்று விஷயங்களை எழுத வேண்டும்: குத்தகை குழுவின் பெயரில் இருக்கட்டும், களைமருந்து அடிக்கக்கூடாது, விளைச்சலில் தோட்டத்துக்குப் பங்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே முடிவாகட்டும்.